பொடிசின் வயது

பேசவும் கூடாது, பாடவும் கூடாது, மூன்று மாதம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தொண்டைக்குள் கேமரா விட்டு எடுத்த படம் திரையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வெள்ளை மடிப்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தடிப்பு. உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரிதான், ஓயாமல் உரசி உரசி வந்தது என்று டாக்டரம்மா விளக்கினார். இப்போது நிறுத்தினால் தானாகக் கரைந்துவிடும். நிறுத்தாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வெட்டிய பிறகு இதே குரல் திரும்பி வரும் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். ஊசி ஏதாவது உண்டா என்று அப்பா கேட்டார். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஊசி என்றார் டாக்டரம்மா.

சீட்டில் எழுதுவதற்காக வயது கேட்டார்.

“பதினாறு” என்றார் அப்பா.

“பதினெட்டு” என்றாள் கதவோரம் நின்ற அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, மருந்து கொடுக்கிறவர்களிடம் வயதை மாற்றிச் சொன்னால் அளவு மாறிப்போகும் என்று முணுமுணுத்தாள். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, மரத்துப்போன தொண்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“பதினெட்டுன்னா முடிவு உன்னோடதும்மா. அப்பாவோடது இல்ல.”

பொடிசு தலையாட்டினாள். யார் என்ன சொன்னாலும் அவள் தலையாட்டுவாள்.

பொடிசு என்ற பெயரை வைத்தது அப்பா. மூன்று பிள்ளைகளும் சேர்ந்த குழுவுக்குச் ‘சில்வண்டு’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெரியவள் கிட்டார், நடுவிலவன் கீபோர்டு, பொடிசு பாட்டு. அவர்களுடைய முதல் பாட்டு எட்டு வருடத்துக்கு முன் எல்லார் போனிலும் ஒலித்தபோது பொடிசுக்கு வயது பத்து. பத்து வயதுப் பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் பாடுகிறார்கள், எட்டு என்றால்தான் வாயைப் பிளப்பார்கள் என்று அப்பா இரண்டைக் கழித்தார். கழித்தது கழித்ததுதான். ஒவ்வொரு பிறந்த நாளிலும் கேக்கில் இரண்டு மெழுகுவத்தி குறைந்தது. இரட்டைப் பின்னல், ரிப்பன், முழங்கால் கவுன், கேன்வாஸ் ஷூ. போன மாதம்கூட ரசிகர்கள் பார்க்க, நேரலையில் பதினாறு மெழுகுவத்திகளை ஊதினாள். இதற்குள் அப்பாவே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். அம்மா எப்போதாவது நிஜ வயதைச் சொல்லிவிட்டால், பெற்ற பிள்ளையின் வயது தெரியாத ஜென்மம் என்று மனசாரக் கோபப்படுவார்.

அன்றும் கோபப்பட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை காரில் அவர் குரல் மட்டும்தான். அப்பா முன்பு டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், கார் அந்தக் காலத்துக் கார். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக். பெரியவள் ஓட்டுவாள், அப்பா பக்கத்தில் உட்காருவார், அவருக்குத் தோன்றும்போது மிதிப்பார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் மிதிப்பார். லைசென்ஸ் வாங்கி ஆறு வருடமாகியும் அவள் ஒருநாளும் ஒரு தெருவை முழுசாக ஓட்டி முடித்ததில்லை. அந்த முன் சீட்டில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததும் இல்லை.

வழியில் ஸ்டேஷனரி கடையில் நிறுத்தச் சொல்லி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி ரிப்பன் கட்டிய சின்ன வெள்ளைப் பலகைகள் நான்கு வாங்கினார். கூடவே கறுப்பு மார்க்கர். பொடிசு மட்டும் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் பேசுவதைப் பார்த்து அவளுக்கு வாய் அரிக்கும், அதனால் இன்று முதல் வீட்டில் யாரும் பேசப் போவதில்லை என்றார். எழுதிக் காட்ட வேண்டியதுதான். நான்காவது பலகை யாருக்கு என்று நடுவிலவன் கேட்டான். அதுதான் அவன் கடைசியாக வாய் திறந்து கேட்ட கேள்வி. நான்காவது அம்மாவுக்கு.

“அப்ப பாட்டு?” என்றாள் பெரியவள்.

“பேசறதுதான் தொண்டையக் கெடுக்கும். பாட்டு வேற. அது பயிற்சி.”

அப்படியாக வீட்டில் பேச்சு நின்றது, பாட்டு நிற்கவில்லை.

ஒத்திகை நடப்பது பழைய டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில். கீழே டயர் கடை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படங்கள் இன்னும் தொங்கின: நில், வழி விடு, ஹாரன் அடிக்காதே. அந்தப் படங்களைச் சுட்டிக்காட்ட வைத்திருந்த நீளக் குச்சியால்தான் அப்பா இப்போது தாளம் தட்டுவார். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை ஒரே பாட்டு. அதில் ஓரிடத்தில் பொடிசின் குரல் தரையிலிருந்து மாடிக்குத் தாவுவது போலத் தாவ வேண்டும். முதல் நாள் தாவியது. நான்காம் நாள் நடுவழியில் உடைந்தது. ஒரு வாரத்தில் மேலே போன குரல் காணாமலே போய்விட்டது. வெறும் காற்று வந்தது. கியர் மாற்றும்போது சத்தம் வரத்தான் செய்யும், திரும்ப எடு என்றார் அப்பா. அவள் திரும்ப எடுத்தாள்.

பெரியவள் கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். பலகையில் எழுதவில்லை, வாயாலேயே சொன்னாள்: “நான் வாசிக்க மாட்டேன்.”

அப்பா கோபப்படவில்லை. குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“போயேன். யாரு பிடிச்சு வெச்சிருக்கா. உன் எடத்துல நிக்க நாளைக்கே நாலு பேர் வருவாங்க, உன்னவிட நல்லா சிரிப்பாங்க. ஜனங்க வர்றது பொடிசுக்காக. உனக்காகன்னு நெனச்சுட்டிருக்கியா?”

அவள் பொடிசைப் பார்த்தாள். தான் போய்விட்டால் அந்த அறையில் தங்கைக்கு யார் மிச்சம் என்று நினைத்தாள். நடுவிலவன் கீபோர்டின் வயரை எதற்கோ சரிபார்த்துக்கொண்டிருந்தான், அவன் எப்போதும் எதையாவது சரிபார்த்துக்கொண்டிருப்பான். அவள் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பலகைகளில் எழுதியதை அப்பா படிப்பார். அதனால் பிள்ளைகள் எழுதிய வேகத்தில் சட்டைக் கையால் துடைத்துவிடுவார்கள். யாருடைய கை அதிகம் கறுத்திருக்கிறதோ அவர் அன்று அதிகம் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். துவைக்கிற அம்மாவுக்கு அது தெரியும். பெரியவளுடைய வலது கையில் மை போகவே போகாது. பொடிசின் கை வெள்ளையாகவே இருக்கும். அம்மாவின் பலகையோ கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. தையல் மெஷினில் குனியும்போது அது ஊசியில் இடிக்கும், அவள் அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தைப்பாள்.

மூன்றாவது வாரம், வெளிநாட்டில் கச்சேரி நடத்தும் கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தின் நகல் வந்தது. குழுவின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுக்கும்படி அப்பா அதைப் பெரியவளிடம் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். பன்னிரண்டு பக்கம். அறுபது நாளில் நாற்பத்திரண்டு ஊர், எல்லாம் வெளிநாடு. எல்லா மேடையிலும் நேரடியாகப் பாட வேண்டும், ஒலிப்பதிவு ஓடவிடக் கூடாது. ஏழாம் பக்கத்தில் அவள் நின்றாள். அங்கே பொடிசின் முழுப் பெயருக்குக் கீழே ‘வயது 16, மைனர்’ என்றும், கையெழுத்திட வேண்டியவர் ‘காப்பாளர், தந்தை’ என்றும் இருந்தது.

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பொடிசிடம் அந்தப் பக்கத்தை நீட்டினாள். பலகையில் எழுதினாள்: இதுல உனக்கு பதினாறு.

எப்பவும் அதானே, என்று பொடிசு எழுதினாள்.

நிஜத்துல பதினெட்டு. அவர் கையெழுத்து செல்லாது. நீ சொல்லணும்.

பொடிசு அதை வெகுநேரம் படித்தாள். நடுவிலவன் எட்டிப் பார்த்துத் தன் பலகையில், நான் எதையும் பாக்கல, என்று எழுதி, அதையும் துடைத்துவிட்டு வெளியே போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பொடிசு அவசரமாக எழுதினாள்.

அவர் மூணு தடவை தட்டினா நான் தலையாட்டிடுவேன் அக்கா.

அது உண்மை. பேட்டியோ விருதோ எதுவானாலும், அப்பா மேஜையில் மூன்று தடவை விரலால் தட்டுவார், பொடிசின் தலை ஆடும். பத்து வயதில் பழக்கியது. பொடிசு தன் சட்டைக் கையாலேயே இரண்டு பலகைகளையும் துடைத்தாள். அவள் கை கறுத்தது அன்றுதான்.

கையெழுத்துப் போடுகிற நாள் காலையில் அம்மா பொடிசின் நீலக் கவுனை மெஷினில் வைத்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து முடிந்ததும் போட்டோ எடுப்பார்கள். மேடைத் துணியில் பாக்கெட் கூடாது, துணி தொங்கிவிடும் என்பது அப்பாவின் சட்டம். என்ன தைக்கிறாய் என்று அவர் கேட்டார். அம்மா பலகையில் எழுதாமல் விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். சரி சரி, சீக்கிரம் என்றார். இடுப்பில் கட்டியிருந்த பையைத் திறந்து, ஐந்து பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்து மூடிக்கொண்டார். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகள் அந்தப் பையில்தான் இருக்கும், பை அவர் இடுப்பில்தான் இருக்கும்.

கம்பெனியின் அலுவலகம் எட்டாவது மாடியில். கண்ணாடிச் சுவர், நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிரே கம்பெனிக்காரரும் அவருடைய வக்கீலம்மாவும். நான்கு பேர் கழுத்தில் பலகையோடு வரிசையாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்துக் கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். குரலுக்கு ஓய்வு கொடுக்கிறோம், இந்தக் கட்டுப்பாடு வேறு எந்தக் குழுவிலும் கிடையாது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். கம்பெனிக்காரர் ஊர்களைப் பற்றிப் பேசினார், அப்பா பதில் சொன்னார். பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கும் அப்பாவே சொன்னார்.

வக்கீலம்மா காகிதங்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்தார். பொடிசுக்காக அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன், வழக்கம் என்பதால் ஒரு வார்த்தை கேட்டார்.

“உனக்கு இதுல சம்மதம்தானே பாப்பா?”

“அவ பேச மாட்டா மேடம். சம்மதம்தான்.” அப்பாவின் விரல் மேஜையில் மூன்று தடவை தட்டியது.

பொடிசின் தலை ஆட ஆரம்பித்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். தாடை கீழே போனது, பாதியில் நின்றது. பொடிசு மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து எடுத்தாள். குனிந்து எழுதினாள். பலகையைக் கழுத்திலிருந்து கழற்றி வக்கீலம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

எனக்கு பதினெட்டு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு.

கம்பெனிக்காரர் மறுபடி சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சின்னப் பிள்ளைதானே, பெரிய மனுஷி ஆகிவிட வேண்டும் என்று ஆசை, விளையாடுகிறாள் என்றார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பா நகல் அனுப்புகிறேன் என்றார். விசாவுக்காக அசலையே இன்று கொண்டுவருவதாக நீங்கள்தானே போனில் சொன்னீர்கள் என்றார் வக்கீலம்மா.

அப்பாவின் கை இடுப்புப் பையின் மேல் போய் நின்றது. ஜிப்பைத் திறக்கும்போது அவர் முகத்தில் பயம் எதுவும் இல்லை. அதுதான் பெரியவளுக்கு வியப்பு. அவர் மனத்தில் பொடிசுக்குப் பதினாறுதான். புத்தகத்தை எடுத்து நீட்டி, நீங்களே பாருங்கள் என்றார்.

வக்கீலம்மா உதடு அசையக் கணக்குப் போட்டார். பிறகு விரலை அந்த வரியில் வைத்தபடி கம்பெனிக்காரரிடம் திருப்பினார். அவர் படித்தார், நிமிர்ந்தார்.

“சார், போன மாசம் பதினாறுன்னு கேக் வெட்டினீங்களே. எங்க பேஜ்லயும் போட்டோமே.”

அப்பா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தூரப் பிடித்துப் பார்த்தார். அச்சுப் பிழை என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, பிறந்த சமயத்தில் ஆஸ்பத்திரியில் நீ என்னடி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டார். அம்மா பலகையைத் தொடவில்லை.

ஆனால் கம்பெனிக்காரர் காரியத்தில் கண்ணாயிருந்தார். பரவாயில்லை, பதினெட்டு என்றால் இன்னும் சுலபம், பெண்ணே கையெழுத்துப் போடட்டும், வயதை வெளியே யாரும் சொல்ல வேண்டாம் என்றார். வக்கீலம்மா ஏழாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, வேறொரு வரியைக் கையால் எழுதிப் பேனாவோடு நகர்த்தினார். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

“போடு” என்றார். “போடுடா கண்ணு. இதோ இங்க.”

பொடிசு பேனாவை எடுக்கவில்லை. அப்பா மூன்று தடவை தட்டினார். பிறகு கையை விரித்து மேஜையில் ஒரே அடியாக அடித்தார். தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டது. நடுவிலவன் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தான்.

“கட்டாயப்படுத்தி வாங்கின மாதிரி ஆயிடும் சார்” என்றார் வக்கீலம்மா. “அவளே சொல்லட்டும்.”

“சொல்லுடி. சரின்னு சொல்லு. ஒரு வார்த்தை. வாயத் தொறந்து பேசுடி.”

மூன்று வாரத்தில் அவர் அவளைப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. பொடிசு பலகையைத் தன் பக்கம் இழுத்து, நீலக் கவுனின் கையால் துடைத்தாள். எழுதியதை இந்தத் தடவை அப்பாவின் பக்கம்தான் திருப்பினாள்.

பேசக் கூடாது. பாடவும் கூடாது. மூணு மாசம். டாக்டர் சொன்னாங்க.

“டாக்டரா?” என்றார் கம்பெனிக்காரர். “எந்த டாக்டர்? என்ன சொன்னாங்க?”

அப்பா அதற்கு வாயைத் திறந்தார், லேசான சளி என்றார். பெரியவள் குறுக்கே புகுந்து, குரல் நாணில் இரண்டு தடிப்பு, பாடினால் வெட்ட வேண்டிவரும், சீட்டு வீட்டில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கம்பெனிக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நாற்பத்திரண்டு மேடையும் நேரடிப் பாட்டு என்று எழுதியிருக்கிற காகிதத்தை வக்கீலம்மா தானாகவே மூடினார்.

அப்பா பேசிக்கொண்டே போனார். பொடிசு இல்லாவிட்டால் என்ன, மற்ற இரண்டு பேரும் இருக்கிறார்கள், இதோ இப்போதே போடுவார்கள் என்றார். நடுவிலவன் தன் முன்னால் இருந்த பேனாவின் மூடியை எடுத்தான், சரிபார்த்தான், மூடினான். மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டான்.

“எனக்குப் பதிலா நாலு பேர் இருக்காங்கன்னு சொன்னீங்களேப்பா” என்றாள் பெரியவள். “அவங்களக் கூட்டிட்டு வாங்க. நல்லா சிரிப்பாங்க.”

எழுந்தார்கள். வக்கீலம்மா பாஸ்போர்ட்டை நீட்டியபோது அப்பாவின் கை முந்தியது. வக்கீலம்மா தன் கையைக் கொஞ்சம் நகர்த்திப் பொடிசிடம் கொடுத்தார். பொடிசு அதைக் கவுனின் பக்கவாட்டு மடிப்பில் செருகினாள். புத்தகம் முழுசாக உள்ளே போய்விட்டது, ஒரு நூல்கூட மிச்சமில்லாத அளவு.

“அதுல பாக்கெட் எங்கேருந்து வந்துச்சு?” என்றார் அப்பா.

அம்மா தன் பலகையைக் கழற்றி அந்த மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

லிஃப்டில் எட்டு மாடியும் அவர்தான் பேசினார். நன்றி கெட்டவர்கள், இரண்டு பிரேக் வைத்த காரில் ஊர் ஊராகச் சுமந்தேனே, டயர் கடை மாடியில் புழுதியைத் தின்று உங்களை மனிதர்களாக்கினேனே என்றார். அதில் பொய்யும் இல்லை. நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில் சாவியைப் பெரியவளின் கையிலிருந்து பிடுங்கினார். இனிமேல் நானே ஓட்டுகிறேன், நேராக ஒத்திகைக்குத்தான் போகிறோம், நாலு மணிக்குப் பாட்டு, இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி என்றார்.

அவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். அம்மாவும் பெரியவளும் நடுவிலவனும் பின்னால் ஏறினார்கள். பொடிசு சுற்றிவந்து முன் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சரிவில் ஏறும்போது கார் குலுங்கி நின்றது. அப்பா திட்டிக்கொண்டே மறுபடி கிளப்பினார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி நின்றது. இத்தனை வருடம் ஓட்டாமல் கை மறந்துவிட்டது என்று நடுவிலவன் நினைத்தான். பெரியவள் முன் சீட்டுகளின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தாள். கேன்வாஸ் ஷூ அந்த இன்னொரு பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது. கணுக்காலில் நரம்பு தெரிந்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார்.

“காலை எடு.”

அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

“எடுடி காலை.”

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்பா குனிந்து அவள் முழங்காலைப் பிடித்து இழுத்தார். கால் அசையவில்லை. எட்டு வருடம் தினமும் மூன்று மணி நேரம் நின்று பாடிய கால் அது.

அம்மா பின் சீட்டிலிருந்து பேசினாள். மூன்று வாரமாகப் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

“எங்க போகணும்னு அவளக் கேளுங்க. அப்பத்தான் காலை எடுப்பா.”

அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். கேட்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. பொடிசு காலை எடுக்கவில்லை.